வெயிலில் வைத்த சீசா

12-9-1996
பேத்தி செவ்வந்தி காலேஜிலிருந்து வந்து சொன்னது இன்னும் நெஞ்சில் நிற்கிறது. அவள் அப்பன் வேலை பார்க்கும் மில்லில் இருக்கிற பெரிய டிரான்ஸ்பார்மருக்குள் செம்புக் கம்பி முழுக்கக் காகிதம் சுற்றி எண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறதாம், இருபத்தெட்டு வருஷமாய். அந்தக் காகிதம்தான் கரண்டைக் கட்டிவைத்திருக்கிறதாம். காகிதமா?

காகிதம் நைந்தால் அதன் சத்து எண்ணெயில் இறங்கும். அதில் இரண்டு மருந்து விட்டால் சிவக்கும். பெரிய லேப்பு வேண்டாம், மூடியைத் திறக்கவும் வேண்டாம். இதுதான் அவளுடைய கடைசி வருஷ புராஜெக்ட்.

15-9
தீபாவளிக்குள் புது மிஷின் நான்கு இதே டிரான்ஸ்பார்மரில் ஓடப்போகிறது. தாங்குமா? காகிதம் விட்டுப்போனால் வெடித்துவிடுமாம். என் மகன் ஆறுச்சாமிக்கு அதன் பக்கத்திலேதான் வேலை.

போர்மேன் அரங்கசாமி ஒரு சீசா எண்ணெய் கொடுத்துவிட்டுச் சிரித்தாராம். “போன வருசந்தான் வடிகட்டுனோம், நெய்யாட்டத் தெளிவா இருக்குது. இதுல என்ன சோசியம் பாக்கப் போறீங்க அம்மணி?” செவ்வந்தி சீசாவுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றி வீட்டில் வைத்தாள்.

19-9
சிவக்கவில்லை.

20-9
செவ்வந்தி சாப்பிடவில்லை. “காயிதம் நல்லா இருக்குதுன்னுதான் எழுதோணும் அப்பத்தா. எனக்கே நம்பிக்கை வரலீங்க.” சீசாவைச் சுற்றியிருந்த கறுப்புக் காகிதம் எங்கே என்று கேட்டாள்.

நான்தான் உரித்தேன், அழுக்கென்று. கெட்டுப்போகக் கூடாதென்று இரண்டு நாள் ஊறுகாய் ஜாடியோடு மதில்மேல் வெயிலில் வைத்தேன். வெயில் பட்டால் அந்தச் சத்து அழிஞ்சு போயிருமாம். சொல்லிப்போட்டேன். புள்ள திட்டாம, “இன்னொரு சீசா வாங்கோணும்”னு சோத்துத் தட்டை எடுத்துக்கிட்டா — அதுதான் தாங்கலை.

27-9
ஆறுச்சாமி கெஞ்சி இன்னொரு சீசா வாங்கிவந்தான். செவ்வந்தி என்னையும் காலேஜுக்குக் கூட்டிப்போனாள். சின்னக் கண்ணாடிக் குழாயில் மருந்து விட்டாள். பார்த்துக்கொண்டே நின்றேன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தாற்போல மெல்லச் சிவந்தது. எவ்வளவு நைந்தால் எவ்வளவு சிவப்பு என்று காட்டும் குழாய்கள் வரிசையாக நின்றன. அவற்றில் எல்லாவற்றையும்விடச் சிவந்த கடைசிக் குழாயின் நிறம் இதற்கு. யாரும் பார்க்காத இரும்புப் பெட்டியின் வயசு, என் பேத்தி கையில். கும்பிடத் தோன்றியது.

“அப்பன் அங்க நிக்கக் கூடாதுங்க அப்பத்தா,” என்றாள்.

23-10
பூசை விடுமுறையில் மில் நின்றபோது, செவ்வந்தி சொன்னது நிஜமா என்று பார்க்க டிரான்ஸ்பார்மர் மூடியைத் திறந்தார்கள். அரங்கசாமி காகிதத்தில் ஒரு துண்டை எடுத்து மடித்தாராம். அப்பளமாய் உடைந்ததாம். “புது மிஷின் இதுல வேண்டாம். இதையும் மாத்தோணும்” என்றாராம்.

6-11
அரங்கசாமி வேறு மூன்று மில்களிலிருந்து எண்ணெய் வாங்கி அனுப்பியிருக்கிறார். செவ்வந்தி சீசாக்களுக்குக் கறுப்புக் காகிதம் சுற்றினாள். வெள்ளைச் சீட்டும் பேனாவும் என்னிடம் நீட்டினாள்.

“நீங்க எழுதுங்க அப்பத்தா. உங்களுக்குத்தான் தெரியும்.”

மூன்றிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: வெயிலில் வைக்காதே.