கால்வாய்க்கரை வீட்டில் பூ வைத்தது

மாசி 2, வியாழன்

டேய் உருண்டை, காலையில் நல்ல பனி. கல்வராயன் மலை இருக்கிற இடமே தெரியவில்லை. மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கும் வேலை. நடுவில் போன்.

ரேவதியின் அம்மா. நீ போன பிறகு அந்த அம்மா பேசுவது மூன்றாவது தடவை. இன்னும் சம்பந்தி என்றுதான் கூப்பிடுகிறார்.

"சம்மந்தி, கோச்சிக்காதீங்க. ரேவதிக்கு ஒரு எடம் வந்துகீது. பையன் வூட்ல எல்லாருக்கும் புடிச்சிருக்கு. அவுங்க பெரியம்மாதான் ஒண்ணு சொல்றாங்க. பூ வெச்ச வூட்டுக்காரங்க வந்து வாயால ஒரு வார்த்த சொல்லணுமாம். இல்லன்னா அடுத்தவங்க வூட்டுப் பொண்ண எடுத்த மாதிரி ஆயிடுமாம்."

வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டேன். போன வைகாசியில் உனக்காகப் பூ வைத்துவிட்டு வந்த பெண். ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு. ஆடியில் உளுந்தூர்பேட்டை ரோட்டில் பைக்கோடு நீ போய்விட்டாய். ஏழு மாதம்தான் ஆகிறது.

அந்தப் பெண் என்னை அத்தை என்று கூப்பிடுவது ஒன்றுதான் உன் பேரில் எனக்கு மிச்சம். அதையும் விடச் சொல்கிறார்கள்.

பக்கத்து வரிசையில் பிடுங்கிக்கொண்டிருந்த செல்வி: "போவாதக்கா. நீ போய் இன்னா செய்யப் போற?" நாலு செடி தாண்டி அவளே: "நீ போவலன்னா அந்தப் பொண்ணு இன்னா செய்யும்?"

இவளிடம் யோசனை கேட்டதே தப்பு.

மாசி 3, வெள்ளி

கிளம்பியாச்சு. எடுத்துப் போவது: கிழங்கு ஒரு பை, புளி, மலைத்தேன் ஒரு பாட்டில், மாற்றுச் சேலை இரண்டு. என்ன சொல்லப் போகிறேன் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

கண்டக்டர்: "இன்னாம்மா, காட்டையே பேத்துக்கினு வந்துட்டியா?"

ஒரு பை கிழங்குதாங்க என்றேன்.

"மண்ணு அரை மூட்ட இருக்குதே. அதுக்குத் தனி டிக்கெட்."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். உளுந்தூர்பேட்டை வந்ததும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். ஊர் தாண்டிவிட்டதா என்று பக்கத்து சீட்டுக்காரம்மாவைக் கேட்டுத்தான் திறந்தேன்.

திருவல்லிக்கேணி. ரேவதி வீடு கால்வாய்க்கரையில். கால்வாயைக் கண்டுபிடிக்க வழி கேட்க வேண்டாம், மூக்கு போதும். நீ போனில் என்ன சொன்னாய்? ஜன்னலைத் திறந்தால் தண்ணீர், அந்தக் காலத்தில் படகு போகுமாம் என்றாய். தண்ணீர் இருக்கிறது, மை மாதிரி. அதில் தூண் தூணாக நிறுத்தி மேலே ரயில் விட்டிருக்கிறார்கள். பூ வைக்க வந்தபோது வேனில் வந்து வேனில் திரும்பியதில் இதெல்லாம் கண்ணில் படவில்லை.

அந்தக் கறுப்புத் தண்ணீரில் மூன்று கொக்கு. எப்படித்தான் அவ்வளவு வெள்ளையாக இருக்கிறதோ.

ரேவதி தெருமுனையிலேயே நின்றிருந்தாள். "வாங்கத்தே." பையைப் பிடுங்கிக்கொண்டாள். இளைத்துவிட்டாள். தலையில் பூ இல்லை.

மாசி 4, சனி

கரையோரம் ரேவதியோடு நடை. வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். நீ மாடியில் குடியிருந்த வீட்டைக் காட்டினாள். அந்த இடம் முன்பு விறகுத் தொட்டியாம், விறகு அடுக்கி விற்கிற இடம். மரக்காணம் பக்கமிருந்து உப்பும் சவுக்குக் கட்டையும் படகில் வந்து இறங்குமாம். அவள் தாத்தா அதில் மூட்டை தூக்கினவர். இறங்குதுறைப் படி நாலு தெரிகிறது, மிச்சம் சேற்றுக்குள். சுவரில் ஓர் இரும்பு வளையம், அடேயப்பா, என் கை மொத்தம். படகு கட்டுவதற்காம்.

"இதுல கயிறு கட்டித்தான் உங்க பையன் கைலி காயப்போடுவாரு. ஒரு நா காத்துல பறந்து கால்வாயில வுழுந்துடுச்சி. கொம்ப வெச்சி எடுத்துக்கினு வந்து மூக்க மூடிக்கினு தொவைக்கிறாரு. நான் பாத்து சிரிச்சிட்டேன். அதான் மொதமொத."

என்னிடம் கோயிலில் பார்த்தேன் என்றாயே, திருடா.

இரண்டு பேரும் அங்கேயே நின்று சிரித்தோம். ஆடு ஒன்று எங்களையே பார்த்தது.

அப்புறம் கேட்டேன்: "அந்தப் பையன் எப்பிடிம்மா?"

"நல்லாதான் பேசுறாரு. என் போன்ல இருக்கற உங்க பையன் போட்டோவ எடுத்துடுன்னு சொல்லலத்தே."

"எடுத்துட்டியா?"

"இல்ல."

"உனுக்குப் புடிச்சிருக்கா?"

தண்ணீரைப் பார்த்துக்கொண்டே: "புடிச்சிருக்குன்னு சொன்னா உங்களுக்கு வலிக்குமா?"

"வலிக்கும். வலிச்சா வலிச்சிட்டுப் போவுது."

வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவளுக்கு இருபத்து நாலு வயது, உருண்டை.

மத்தியானம் நம் கிழங்கை வேகவைத்துத் தேன் ஊற்றித் தின்றோம். மண் வாசனை அப்படியே இருந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கினாள்.

மாசி 5, ஞாயிறு

பையன் வீட்டார் நாலு பேர். பெரியம்மாதான் முன்னால். மூக்குக்கண்ணாடி, கையில் விசிறி. உட்கார்ந்ததும் என்னிடம்: "நீங்கதான் அந்தப் பையனோட அம்மாவா?"

ஆமாங்க என்றேன்.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காம ஒரு வார்த்த சொல்லிடுங்க."

எங்களுக்கு ஒன்றும் இல்லை, நல்லா இருக்கட்டும். இவ்வளவுதான். காலையிலிருந்து மனப்பாடம் செய்தது. வாய் திறக்கிறேன், வரவில்லை.

ரேவதி எழுந்தாள். தட்டிலிருந்த மல்லிகையை எடுத்து என் மடியில் வைத்தாள். எனக்கு முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

போன வைகாசியில் பூ வைத்தது உன் அத்தை. தாலி அறுத்தவள் வைக்கக்கூடாது என்று நான் கதவோரம் ஒதுங்கி நின்றேன். உனக்குத் தெரியுமே, அன்றைக்கு நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய்.

ரேவதியின் சித்தி என்னிடம் குனிந்து, "தப்பா நெனைக்காதீங்க, நீங்க வெக்கறது மொறையில்ல" என்றாள்.

ரேவதி திரும்பாமலே: "அத்தே வெச்சா வெச்சிப்பேன். இல்லன்னா எனுக்கு வாணாம்."

மேலே ரயில் போயிற்று, ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பெரியம்மா விசிறியை மடியில் போட்டார்.

"எனுக்கும்தான் புருசன் இல்ல. பொண்ணு பாக்கப் போவணும்னா மொத ஆளா என்னைத்தான தள்ளிக்கினு வந்தாங்க? நீங்க வைங்கம்மா."

ஹேர்பின்னை ரேவதியே பின்னால் நீட்டினாள். ஒரு பக்கம் கோணலாகத்தான் வைத்தேன். அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, யாரும் அப்புறம் கேட்கவும் இல்லை. ரேவதி அம்மா சமையல்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு காபியோடு வந்தார். சர்க்கரை போட மறந்த காபி. எல்லாரும் குடித்தார்கள்.

பையன் ஒல்லி. இஸ்திரி போட்ட சட்டை. கிளம்பும்போது என்னிடம் வந்து நின்றான். "ரேவதி உங்களாண்ட எப்ப வேணா பேசலாங்க. நீங்களும் பேசுங்க."

சாப்பிட்டியாப்பா என்றேன். வேறென்ன கேட்பது.

மாசி 9, வியாழன்

வெயில் தொடங்கிவிட்டது. காட்டு வேலை அரை நாள். பிறகு கள்ளக்குறிச்சி.

நேற்று ரேவதி போன். வைகாசியில் கல்யாணம். "அத்தே, ரெண்டு நாளு முன்னாடியே வந்துடணும்." அத்தே என்றுதான் சொன்னாள். அப்புறம் அரை மணி நேரம் என்னென்னவோ பேசினாள்.

சேலை எடுக்கக் கடைக்குப் போனேன். உனக்கு என்ன வேண்டும் என்று அவளைக் கேட்டால் ஒன்றும் வேண்டாம் என்பாள். கடைக்காரப் பெண் இருபது சேலை விரித்துப் போட்டுவிட்டு, "யாருக்கும்மா?" என்றாள். எங்க வீட்டுப் பெண்ணுக்கு என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது.

கடைசியில் இரண்டு. எடுத்துத் தனியாக வைத்திருக்கிறாள், நாளைக்குள் போய்ச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பிடித்த கலர் என்று நீ ஒரு தடவை போனில் சொன்னாய். அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டிருந்தது, சரி சரி என்று போனை வைத்துவிட்டேன், எந்தக் கலர் என்று மனதில் நிற்கவில்லை.

மயில் பச்சையா உருண்டை, மாம்பழ மஞ்சளா?