நெட்டையன் சொன்ன பதில்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். உங்கள் மூவரின் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அவருக்குக் கேட்டுவிடும். ஞாபகம்தான் போயிற்று, காது இன்னும் பாம்புக் காது.

உங்கள் காப்பகத்தில் பழைய சிப்பாய்களின் போர் நினைவுகளைச் சேர்க்கிறீர்களே, அதற்காக அப்பாவையும் பேச வை என்று ரெக்கார்டர் அனுப்பினாய். கூடவே ஒரு தாள். பேசுகிறவரைக் குறுக்கிடக் கூடாது, தலையை மட்டும் ஆட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. நாற்பத்தாறு வருஷமாக நான் அதைத்தானே செய்கிறேன் என்று சிரித்துக்கொண்டேன்.

முதல் நான்கு நாளும் ஒன்றும் தேறவில்லை. போரில் வயர்லெஸ் பார்த்த பழக்கம், எதைச் சொன்னாலும் கடைசியில் ‘ஓவர்’ என்பார். என்னோடு சண்டை போடும்போதும் அப்படித்தான். இனி நீ பேசலாம் என்று அர்த்தம். ரெக்கார்டர் முன்னால் பெயரும் படைப்பிரிவும் சொல்வார், ஓவர் என்பார், பிறகு அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு காத்திருப்பார். அது எங்கே பதில் சொல்லும்? நானும் தாளில் போட்டபடி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள், மதியம் சாப்பிட்டு முடித்ததும், “நெட்டையா, கேக்குதா? ஓவர்” என்றார். மூன்று முறை கேட்டார். அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. மனசு கேட்காமல் “கேக்குது, சொல்லு” என்று நானே சொல்லிவிட்டேன்.

நெட்டையன் மாமா என்றால் உனக்கு அப்பா சொன்ன கதைகளில் முகாம் பிஸ்கட்டைத் திருடித் தின்றவர், வயர்லெஸ்ஸில் பாட்டுப் பாடி அதிகாரியிடம் திட்டு வாங்கியவர். இப்போ எங்கே இருக்கார் என்று சின்ன வயதில் கேட்பாய். எங்கேயாவது நல்லா இருப்பான் என்பார் அப்பா. அது பொய்யாம், அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். மலை மேல் காவல் சாவடியிலிருந்து நெட்டையன் பேசிக்கொண்டிருக்கும்போதே, வயர்லெஸ் செட்டை அணைத்துவிட்டுக் கிளம்பு என்று இவருக்கு உத்தரவாம். அங்கே இன்னும் ஆள் இருக்கிறதே என்று இவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். பிறகு தன் கையாலேயே அணைத்திருக்கிறார். அந்தச் சாவடியிலிருந்து யாரும் திரும்பவில்லை.

“நீ ஓவர் சொல்லிட்டே, நான்தான் பதில் சொல்லல. உன் தங்கச்சிக்குக்கூட ஒரு வரி எழுதல. எம்மேல கோவமாடா?” என்று கேட்டுவிட்டு, மறுபடியும் ஓவர் என்றார்.

இல்லை என்றேன். அப்பா அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் அவரே காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆனால் மறந்துவிடுகிறாரே. தினமும் சாப்பிட்ட கையோடு அதையே கேட்கிறார். தினமும் நான் இல்லை என்கிறேன். செத்தவர் சார்பில் மன்னிக்க நான் யார்? ஒவ்வொரு தடவையும் நாக்கு கூசுகிறது, சாப்பாடும் இறங்கவில்லை.

சிப்பாய்களின் குடும்ப விவரமெல்லாம் உங்கள் காப்பகத்தில் இருக்குமே. அந்தத் தங்கையைத் தேடிப் பிடி. ரெக்கார்டர் கார்டை இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன். அதை அந்தத் தங்கைக்குப் போட்டுக் காட்டு. அவர் என்ன சொல்கிறாரோ அதை அவர் குரலிலேயே பதிந்து அனுப்பு. திட்டினாலும் சரி, அதை நான் மட்டும் கேட்டு வைத்துக்கொள்கிறேன். அதிகம் தாமதிக்காதே. டாக்டர் இந்த முறை மாத்திரையைக் கூட்டவில்லை, குறைத்துவிட்டார். பிடித்ததைச் சாப்பிடட்டும் என்கிறார்.

குறுக்கே பேசியது தப்புதான். ஆனால் என் குரலை மட்டும் வெட்டிவிடாதே. தன் அண்ணன் பேரில் பதில் சொன்னது யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

நீ நன்றாக இரு, தாயே. குழந்தைக்கு என் முத்தம். அப்பா சாப்பிட்டு முடித்துவிட்டார். மேசையிலிருந்து கூப்பிடுகிறார், என்னை இல்லை. போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்துதான் உறையை ஒட்ட வேண்டும்.

ஆசிகளுடன்,
அம்மா