சாமிக்கு எடுத்த பாவாடை

ஓடைப்பட்டி
18.11.2024

அன்புள்ள அனுசுயாவுக்கு,

மதினி முனீஸ்வரி எழுதுவது. நீயும் பெனடிக்ட் அண்ணனும் பிள்ளை பெனிஷாவும் நலமா? கட்டப்பனையில் குளிர் இறங்கியிருக்கும், பிள்ளைக்குக் காதைக் கட்டிவிடு. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை.

என் மகள் கயலின் படிப்பை நிறுத்திவிட்டார் உன் அண்ணன். தமிழ் இலக்கியம் இரண்டாம் வருடம் பாதியில் நிற்கிறது. திராட்சை கமிஷன் கடை விஜய்ராஜுக்குப் பேசி, தையில் பூ வைக்கப் போகிறார்களாம். பிள்ளை முடியாது என்றாள். இவர் நேரே உன் பெட்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார்.

நீ பெனடிக்ட் அண்ணனோடு போன அன்று, ஆற்றங்கரையில் உன் செருப்பைக் கொண்டுபோய்ப் போட்டு, வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று ஊரையே அழவைத்த மனுஷர் இவர். கல்யாணமாகாமல் செத்த பிள்ளை வீட்டுக்குத் தெய்வம் என்று உன்னைப் பெற்ற அத்தையும் உனக்கு ஓலைப்பெட்டி கட்டித் தொங்கவிட்டு, ஒவ்வொரு தையிலும் புதுப் பாவாடை தாவணி வைத்துக் கும்பிடுகிறார். அதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. இப்போது அத்தை மேல் நீ இறங்குகிறாய். அதுதான் புதிது.

"ஆத்தா அனுசுயா, கயலும் படிதாண்டிப் போயி ஒன்னையமாதிரி தண்ணிக்குள்ள கெடக்கணுமா? விஜய்ராஜுக்கே குடுத்துருவமா?" என்று இவர் கேட்கிறார். அத்தை ஆடிக்கொண்டே, "குடுத்துருண்ணே" என்கிறார். அது உன் குரல், அனுசுயா. நீ உயிரோடு இருப்பது தெரிந்த நானே என்னையறியாமல் கும்பிட்டுவிட்டேன்.

கயலுக்குத்தான் நாக்கு அடங்கவில்லை. "பழைய சங்கப் பாட்டுலயும் இப்பிடித்தாம்மா. மக எதுக்கு வாடுறான்னு அவகிட்டக் கேக்க மாட்டாக, சாமியாடியக் கூப்புட்டு வந்து கேப்பாக. ஆனா அங்கன உள்ள சாமி எவனையும் மாப்பிள்ளையா இழுத்துட்டு வந்து நிறுத்தாது" என்கிறாள்.

பதிலை வழக்கம்போல ஞானசெல்வி டீச்சர் வீட்டு முகவரிக்கே போடு. போன் என்றால் இவர் எடுத்துப் பார்க்கிறார்.

அன்பு மதினி,
முனீஸ்வரி


கட்டப்பனை
26.11.2024

அன்பு மதினிக்கு,

கடிதம் கண்டேன்.

செத்தவளாக இருப்பது எனக்குப் பழகிவிட்டது. கம்பம் சந்தையில் நம்மூர்ப் பேச்சு காதில் விழுந்தால் முக்காடு போட்டுக்கொண்டு ஒதுங்கிவிடுவேன். பழைய பாட்டுகளில் வரும் பெண்ணுக்குப் பெயரே இருக்காது, பெயர் தெரிந்தால் ஊர் பேசும் என்று கயல் சொன்னதாக ஒருமுறை எழுதியிருந்தாய். எனக்கு அங்கே மிஞ்சியிருப்பது பெயர் ஒன்றுதான். அதை வைத்து அந்தப் பிள்ளையைக் கட்டிப்போடுகிறார்களே மதினி.

தைப் பூசைக்கு நான் வருகிறேன். நானாக இல்லை. அவர்கள் கும்பிடுகிறவளாகவே வந்து பேசிவிட்டுப் போகிறேன். பெட்டியிலிருந்து இறக்கிய பழைய பாவாடைகளை நீ அனுப்ப அனுப்ப, வெட்டி பெனிஷாவுக்குச் சட்டை தைத்து வந்தேன். கடைசியாக வந்த அரக்குப் பாவாடை இன்னும் வெட்டாமல் இருக்கிறது. அம்மா தன் கையால் பெட்டியில் வைத்த பாவாடை, பார்த்தால் தெரியாமல் போகாது. சரி என்று மட்டும் எழுது.

உன்
அனுசுயா


ஓடைப்பட்டி
9.12.2024

அன்புள்ள அனுசுயாவுக்கு,

உனக்கென்ன கிறுக்கா பிடித்திருக்கிறது? இவர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? உனக்கு ஒரு பெண்பிள்ளை இருக்கிறது. பேசாமல் இரு. கயல் தலையில் எழுதியது நடக்கட்டும்.

பின்குறிப்பு, 30.12.2024:
மேலே உள்ளதைத் தபாலில் போட மனது வரவில்லை. நேற்று கயல் தன் புத்தகங்களை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டாள். அழவில்லை. அதைப் பார்த்துத்தான் பயப்படுகிறேன். ஜனவரி 24ஆம் தேதி வெள்ளிக்கிழமை பூசை. விளக்கு வைக்கிற நேரத்தில் திராட்சைப் பந்தல் வழியாக வா. பின்கதவைத் திறந்து வைக்கிறேன்.

முனீஸ்வரி


கட்டப்பனை
27.1.2025

அன்பு மதினிக்கு,

வந்து சேர்ந்தேன். மலை ஏறும்வரை வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் கேட்டபோது கூடக் கையைத்தான் காட்டினேன். என் குரலைக் கேட்கவே பயமாக இருந்தது.

பாவாடை இடுப்பில் கொள்ளவில்லை, நாடாவைப் போட்டு ஒப்பேற்றினேன். அங்கே இருக்கிறவளுக்கு வயது ஏறவில்லை, எனக்கு ஏறிவிட்டது. விரித்த தலையோடு பின்வாசலில் நின்று, "என் பேரச் சொல்லி என் மருமகள அழவைக்காதீக. அவ படிக்கட்டும். அவ மனசில்லாமப் பூ வச்சா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்று சொன்னேன். இவ்வளவுதான் யோசித்து வைத்திருந்தது. ஆனால் சொன்னது நான்தானா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் முகத்தைப் பார்த்தாயா? நான் பிழைத்திருப்பது தெரிந்தவர். பக்கத்தில் விஜய்ராஜ் வீட்டாரும் பங்காளிகளும் கையெடுத்துக் கும்பிட்டபடி நிற்கிறார்கள். 'இவ சாகல' என்று எந்த வாயால் சொல்வார்? நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அவர் உண்மையாகவே நடுங்கினார் மதினி.

அப்புறம் அம்மா விழுந்தாள். என் காலைப் பிடித்தவள் விடவே இல்லை. அம்மா என்று கூப்பிட்டிருந்தால் அழுகை என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். திருநீற்றை நெற்றியில் பூசிவிட்டு இருட்டோடு வந்துவிட்டேன்.

கம்பம் பஸ் ஸ்டாண்டில் சேலை மாற்றும்போதுதான் பார்த்தேன். தாலியைக் கழற்றி வைத்தவள் காலில் மெட்டியைக் கழற்றவில்லை. அம்மா பார்த்திருப்பாளா?

உன்
அனுசுயா


ஓடைப்பட்டி
12.2.2025

அன்புள்ள அனுசுயாவுக்கு,

கயல் கல்லூரிக்குப் போகிறாள். புத்தகத்தில் பாதிதான் பேப்பர்காரரிடமிருந்து மீண்டது. விஜய்ராஜ் வீட்டில் சாமி குத்தம் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

உன் அண்ணன் பொழுது சாய்ந்தால் பின்வாசல் பக்கம் போவதில்லை. முந்தாநாள் என்னிடமே கேட்டார்: "அவ கேரளாவுலதான இருக்கா? அப்ப இங்கன வந்தது யாருடி?" எனக்கென்ன தெரியும் என்றேன். செருப்பைக் கரையில் போட்ட மனுஷர், இப்போது நீ செத்துவிட்டாய் என்றே நம்பத் தொடங்கிவிட்டார்.

அத்தை மேல் சாமி இறங்குவது நின்றுவிட்டது. நேற்று என்னைக் கடைக்கு அனுப்பினார். "இனிமே பாவாடை வேணாம். சேலையா எடு. மஞ்சக்கயிறும் வளவியும் சேத்து வாங்கு" என்றார். கன்னிச்சாமிக்கு மஞ்சள்கயிறா என்று கேட்டேன். வாங்கி வந்ததைப் பெட்டியில் வைக்கவும் இல்லை. என் கையிலேயே கொடுத்து, "பழசெல்லாம் எங்கன அனுப்புவியோ அங்கனயே அனுப்பிரு" என்றார்.

அத்தையே மேலும் சொன்னார். "இனி வர வேணாம்னு எழுது. சாமி இருக்கவரைக்குந்தான் கயலு படிக்க முடியும். இவ வந்தா சாமி செத்துரும்."

சொல்லிவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றப் போனார். வழக்கம்போல உன் பெட்டிக்குக் கீழே ஏற்றினார். இனியும் ஏற்றுவார். மன்னித்துக்கொள், எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

சேலை இத்துடன் வருகிறது. பார்சலைக் கட்டும்போது அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என்ன பிள்ளை என்று கேட்டார். பெண் என்றேன். முடிச்சைத் தானே இறுக்கிவிட்டு, "காது குத்தியாச்சா? தாய்மாமன் இல்லாம யாரு மடியில வச்சுக் குத்துனாக?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது என்றேன். நீ எழுது.

முனீஸ்வரி