தொட்டிக்குக் கீழே வைத்த பம்ப்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் சுகம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன், நேற்றைக்குப் பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

நம் கூடத்து மீன் தொட்டிக்கு உன் அண்ணன் புது காற்று பம்ப் மாட்டினான். சத்தம் காதைத் துளைக்கிறது என்று அம்மா சொன்னதால் தொட்டிக்குக் கீழே, தரையில், துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வைத்துவிட்டான், ஒட்டினாற்போல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். டியூபில் ஒருவழி வால்வு எங்கேடா என்று கேட்டேன். எதுக்குப்பா, பம்ப் நின்னாத்தானே தண்ணி திரும்பும், ராப்பகலா ஓடுறதை யார் நிறுத்தப் போறாங்க என்றான். நம் வளர்ப்பு மீன் கடைக்கு வருகிறவர்களிடம் வால்வை மறக்காதீங்க என்று ஓதுகிறவன் வீட்டுக்கு ஒன்று கொண்டுவரவில்லை. யார் நிறுத்துவார்கள் என்று உனக்குத் தெரியும். பிரிட்ஜைத் தவிர எல்லா சுவிட்சையும் அணைத்தால்தான் உன் அம்மாவுக்கு வாசலைத் தாண்டக் கால் வரும். நேற்று பல் டாக்டரிடம் கிளம்பும்போது பம்ப் சுவிட்சையும் அணைத்திருக்கிறாள். காற்று நின்றதும் தொட்டித் தண்ணீர் டியூப் வழியாகப் பின்னால் வந்து, பம்புக்குள் புகுந்து, தரையெல்லாம் பரவிவிட்டது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் பாக்ஸ் தண்ணீரில் கிடக்கிறது, ஐயோ என் மீனு என்று இவள் வெறுங்காலோடு ஓடி, பம்பை ஓட்ட சுவர் சுவிட்சில் கை வைக்கப் போகிறாள். தொட்டே தொலைஞ்சே என்று நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். ஓடிப்போய் மெயினை இறக்கினேன். அப்போதும் அவள் மீனைத்தான் விசாரித்தாள்.

இப்போது உன் விஷயம். உன் புதுத் தொட்டியின் படத்தை இன்று காலைதான் பெரிதாக்கிப் பார்த்தேன். பம்ப் தரையில், பக்கத்தில் பிளக், ஸ்டாண்டின் காலைப் பிடித்துக்கொண்டு நம் பயல் எழுந்து நிற்கிறான். நீயோ தாயைப் போலப் பிள்ளை, வேலைக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் அணைக்கிறவள். போன் செய்தேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், சரிப்பா பாத்துக்கறேன் என்று வந்தது. விலை கேட்டுவிட்டு அப்புறம் வரேன் என்று போகிறவர்களின் தொனி எனக்குத் தெரியாததா.

இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் இரண்டு வால்வு வைத்திருக்கிறேன். தொட்டிக்கு வெளியே டியூபை வெட்டி நடுவில் மாட்டு. மாட்டுமுன் வாயால் ஊதிப் பார், ஊதுகிற பக்கம் பம்புக்கு, காற்று வெளிவரும் பக்கம் தொட்டிக்கு. மாற்றி மாட்டினால் ஒரு குமிழிகூட வராது. வால்வும் ஒருநாள் கெடும், அதனால் பம்ப் எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே இருக்கட்டும். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி அப்புறம் மேலேறட்டும், சொட்டுகிற தண்ணீர் தரையில் விழும், பிளக்குக்குள் போகாது. சத்தம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகிறது.

பொட்டலம் வந்து சேரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. இதை எழுதும்போதே நடுவில் மாப்பிள்ளைக்கு போன் போட்டுவிட்டேன். அவர் பேசிக்கொண்டே பிளக்கைப் பிடுங்கி, பம்பை அலமாரி மேல் ஏற்றி, அது கைக்கு எட்டாமல் போனதற்குப் பயல் அழுவதையும் கேட்க வைத்தார். உன்னைக் கேட்காமல் உன் வீட்டில் மூக்கை நுழைத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் வரும், வரட்டும். சண்டை போட நேரிலேயே வா, பயலையும் தூக்கிக்கொண்டு வா.

மூன்று பேரும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருங்கள். ஈரக் கையோடு எந்த சுவிட்சையும் தொடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா