கட்டில்கள் போன வீடுகள்

பிப்ரவரி 10, திங்கள்

ஆபீஸில் எனக்கு ஜன்னலோர மேசை கொடுத்தார்கள். எல்லோர் முன்னாலும் மேடம், "இந்தப் பொண்ணுக்கு நல்ல கண்ணு" என்றார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மாதம் ஒரு வாசகசாலைக் குழு, எங்கள் ஆபீஸ் கொடுத்த பணத்தில் புத்தகம் வாங்கிவிட்டதாகப் போட்டோ அனுப்பியது. அலமாரிக் கண்ணாடியில் பில் போடும் மேசை தெரிந்தது. புத்தகக் கடையில் நின்று எடுத்த போட்டோ! அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் இந்த மேசை.

அப்பா பெயிண்ட் அடிக்கப் போகும் வீடுகளிலெல்லாம் "என் பொண்ணு பணம் குடுக்கற ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லி வைத்திருக்கிறார். இன்று பால்காரர் வாசலில் நிறுத்தி வண்டி வாங்கப் பணம் கேட்டார். தனி ஆளுக்குக் கிடையாது, தெருவுக்கு நல்லது செய்கிற சின்னக் குழுக்களுக்குத்தான், அதுவும் நான் கொடுப்பவள் இல்லை, போய்ப் பார்த்து எழுதுபவள் என்றேன். "அப்ப எனக்காக எழுதுங்களேன்" என்றார்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று பார்த்த குழு — நடக்க முடியாதவர்களுக்கு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு, கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் இலவசமாகக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். இன்னும் சில கட்டில்கள் வாங்கவும் அறை வாடகைக்கும் நம்மிடம் கேட்டிருக்கிறார்கள். தையல் கடைக்குப் பின்னால் அறை. பெயர்ப் பலகை மட்டும் கதவை விடப் பெரியது. உள்ளே போனால்... கால் உடைந்த வாக்கர் ஒன்று, துடைப்பம் ஒன்று. அவ்வளவுதான்!

நடத்துபவரை எல்லோரும் டைலர் அக்கா என்கிறார்கள். மிஷினிலிருந்து காலை எடுக்காமலே பேசினார்.

"எல்லாம் வெளிய இருக்கும்மா."

வெளியே எங்கே என்றேன். வீடுகளில். விலாசம் கேட்டேன். முடியாதவர்கள் இருக்கும் வீடு, அவர்களைக் கேட்காமல் ஆளை அனுப்ப முடியாது என்றார். நியாயமாகத்தான் இருக்கிறது. ரொம்ப நியாயமாக இருந்தாலே எனக்கு இடிக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

மேடத்திடம் சொன்னேன். "என்ன பண்ணலாம்ங்கற?" என்று என்னையே கேட்டார். நாள் குறித்துச் சொல்லிவிட்டு மறுபடி போகிறேன், சாமான்களைப் பலகையோடு சேர்த்துப் போட்டோ எடுக்கிறேன் என்றேன். நல்ல யோசனை என்றார். அங்கிருந்தே டைலர் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"செவ்வாய்க்கிழமை வர்றேன். சாமான் எல்லாம் அறையில இருக்கணும்."

அந்தப் பக்கம் மிஷின் ஓடும் சத்தம் நின்றது.

"எல்லாமா?"

"எல்லாம்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

பிப்ரவரி 18, செவ்வாய்

அறை நிறைந்து வழிந்தது. கட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, நாற்காலிகள் வாசல் வரை. வியாழக்கிழமை துடைப்பம் மட்டும் இருந்த அறை! எங்கிருந்து முளைத்தன?

போட்டோ எடுக்கும்போதே பார்த்துக்கொண்டு வந்தேன். சக்கரங்களில் ஈரம். பினாயில் வாசனை. ஒரு நாற்காலியின் கைப்பிடியில் நீலத் துணி சுற்றி, தைத்தே விட்டிருந்தார்கள். குழுவில் ஏழெட்டுப் பெண்கள் நின்றார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பில்லை. எல்லோருக்கும் கண் கடிகாரத்தில். கடைசியில் ஒருத்தி கேட்டே விட்டாள், "முடிஞ்சுதாங்க? எடுத்துட்டுப் போலாமா?" டைலர் அக்கா அவளை முறைத்தார்.

எடுத்துக்கொண்டு எங்கே போக வேண்டும்? எதற்கு அவசரம்? வாடகைக்கு எடுத்த சாமானைத்தான் நேரம் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார்கள்.

பிப்ரவரி 19, புதன்

அறிக்கை கொடுத்துவிட்டேன். "சாமான்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டவையாக இருக்கலாம்." மேடம் படித்துவிட்டுத் தலையாட்டினார்.

பிப்ரவரி 21, வெள்ளி

சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன். மில் கேன்டீனில் இத்தனை வருடம் பாத்திரம் தேய்ப்பவர் அம்மா. ஒரு தம்ளர் டீ கூட அங்கே யாரும் யாருக்கும் சும்மா கொடுத்ததில்லை. "ஓசியில கட்டில் குடுக்கறாளாமா? எவ குடுப்பா? நீ எழுதினது சரிதான்" என்றார். அப்பா தட்டைப் பார்த்தபடி, "எல்லாரும் உன் கேன்டீன்காரனா இருப்பாங்களா?" என்றார். அதற்கப்புறம் சண்டை என்னை விட்டுவிட்டு அவர்களுக்குள் போய்விட்டது.

இருபத்தெட்டாம் தேதி கமிட்டி. என் வரி அப்படியே நின்றால் அந்தக் குழுவுக்கு இந்த வருடம் பணம் கிடையாது. பணம் இல்லையென்றால் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று மனுவிலேயே எழுதியிருந்தார்கள். அது உண்மையா, நம்மை இளக வைக்கவா? அப்படித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

நீலத் துணி.

அம்மாவோடு காய் வாங்கப் போன இடத்தில், மருந்துக்கடை வாசலில். அதே நாற்காலி, அதே தையல். அதில் ஒரு பெரியவர், தலை ஒரு பக்கம் சாய்ந்து. பின்னால் அவர் மனைவி. பையை அம்மா கையில் திணித்துவிட்டு ஓடினேன். பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வாடகைக் கடை எது என்று கேட்டால் போதும், முடிந்தது கதை.

முன்பின் தெரியாதவர்களிடம் பேச எனக்கு வாய் வராது. பக்கத்தில் நின்று வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். எங்கள் வீட்டிலும் ஒருவருக்கு இப்படி வேண்டும், எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்றேன். பொய்தான்.

வாடகையெல்லாம் இல்லை, டைலர் அக்கா கொடுத்தது, கட்டிலும் அவர் கொடுத்ததுதான் என்றார் அந்த அம்மா. ஒரு பைசா வாங்கவில்லையாம்.

"வாங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். "காசு குடுத்த சாமான்னா அன்னைக்கு முடியாது போங்கன்னு சொல்லியிருப்பேன்."

என்றைக்கு என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை. ஆபீஸிலிருந்து யாரோ பார்க்க வருகிறார்கள், ஒரே ஒரு நாள் என்று சொல்லி, காலையில் கட்டிலையும் நாற்காலியையும் எடுத்துப் போனார்களாம். இவரைத் தரையில் படுக்க வைத்திருக்கிறார். தனி ஆளாகத் தூக்க முடியாது. சாயந்திரம் ஆட்கள் வரும்வரை ஈரத்திலேயே கிடந்திருக்கிறார். பஸ் டிரைவராக இருந்தவராம். பேச்சு போய்விட்டது, கண் மட்டும் எல்லாவற்றையும் பார்க்கும்.

"கட்டிலைத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்துட்டே கெடந்தார். திரும்பி வந்ததும் அதுல படுக்க மாட்டேங்கறார். ஏத்தினா உருளப் பார்க்கறார். மறுபடி புடுங்கிடுவாங்கன்னு பயமோ, நான்தான் வித்துட்டேன்னு கோபமோ. என் மூஞ்சியையே பார்க்கறதில்ல."

அப்புறம், "அந்த ஆபீஸ்காரி யாருன்னு தெரியல" என்றார்.

நானும் தெரியாதது மாதிரியே தலையாட்டினேன். என்ன ஜென்மம் நான்.

பிப்ரவரி 24, திங்கள்

ராத்திரி படுத்தபோது இன்னொன்று தோன்றியது — அந்த அம்மாவே டைலர் அக்கா அனுப்பிய ஆளாக இருந்தால்? நான் காய் வாங்கப் போவது எப்படித் தெரியும் அவர்களுக்கு? தெரியாது. இருந்தாலும் தோன்றியது. கண் நல்ல கண்தான், பின்னால் இருக்கும் புத்தி இப்படி.

காலையில் நேராகத் தையல் கடைக்குப் போனேன். வாடகைச் சாமான் என்று எழுதிவிட்டேன், ஆட்களின் கட்டிலைப் பிடுங்கிக் காட்டியிருக்கிறீர்களே, முடியாது என்று என்னிடம் சொல்லக் கூடாதா என்றேன். அவர் இன்று மிஷினை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"காலியா இருந்துச்சு, நம்பல. நெறச்சு வச்சேன், அப்பவும் நம்பல. எப்படி இருந்தா நீ நம்புவன்னு சொல்லும்மா, அப்படி வைக்கறேன்."

கத்தரிக்கோலை மேசையில் வைத்தார்.

"முடியாதுன்னு எப்படிச் சொல்றது? குடுக்கற எடத்துல நீ இருக்க."

கல்லூரியில் எனக்கு உதவித்தொகை கொடுத்தவர் ஒருநாள் வந்தார். பரீட்சைக்கு முந்தின நாள். நாள் முழுக்க மேடையில் நிற்க வைத்தார்கள். முடியாது என்று நானும்தான் சொல்லவில்லை.

வீடுகளைப் பார்க்க வேண்டும், போட்டோ வேண்டாம், சம்மதிப்பவர்கள் வீடு மட்டும் போதும் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். இப்போது அவருக்கு என்மேல் சந்தேகம். "கேட்டுப் பார்க்கறேன்" என்றார்.

பிப்ரவரி 26, புதன்

டைலர் அக்காவும் நானும் வீடு வீடாகப் போனோம். ஓர் இடத்தில் கட்டில் உயரம் போதாமல் காலுக்கடியில் செங்கல். ஓர் இடத்தில் வாக்கரில் ஒரு பாட்டி டார்ச்சும் கண்ணாடியும் கட்டித் தொங்கவிட்டு, அலமாரியையே கூட இழுத்துக்கொண்டு போவது போலப் போகிறார். இன்னோர் இடத்தில் ஆள் குணமாகி வெளியூர் போயே பல நாளாகிவிட்டது. சக்கர நாற்காலி முழுக்கத் துணி. டைலர் அக்காவுக்கு வந்ததே கோபம். "துணி காயப்போடவா குடுத்தேன்? அங்க ஒருத்தன் தவழ்ந்துட்டு இருக்கான்" என்று ஈரத் துணியை அள்ளி வீட்டுக்காரர் தோளில் போட்டுவிட்டு, நாற்காலியைக் கையோடு தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். நாங்கள் மற்ற வீடுகளுக்கு அதோடுதான் போனோம்.

டிரைவர் வீடு கடைசி. அவர் தரையில்தான் இருந்தார். பக்கத்தில் கட்டில், மேலே யாருமில்லாமல். அந்த அம்மா கதவைத் திறந்ததும் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். டைலர் அக்கா இவங்கதான் ஆபீஸ் என்றதும் எல்லாம் புரிந்துவிட்டது.

"நீதானா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் என் கையைப் பிடித்துக் கணவரிடம் இழுத்துப்போனார். "ஏங்க, நான் விக்கல. இவங்க பார்க்கணும்னுதான் கேட்டாங்க. நீயே சொல்லும்மா."

தரையில் உட்கார்ந்தேன். அவர் கண் என் மேலேயே இருந்தது. "நான்தாங்கய்யா கேட்டேன். தப்பா கேட்டுட்டேன். அவங்க விக்கல. இனிமே யாரும் எடுக்க மாட்டாங்க."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டார். அவர் திரும்பி வந்ததும், கட்டிலில் ஏற்ற நாங்கள் மூவரும் பிடித்தோம். உருளவில்லை.

இனிமேல் எடுக்க மாட்டார்கள் என்று சொல்ல நான் யார்?

பிப்ரவரி 28, வெள்ளி

கமிட்டியில் நான் பேசியதே இல்லை. போன அறிக்கை தவறு, சாமான்கள் அவர்களுடையவைதான், வீடுகளில் பார்த்தேன் என்றேன். போட்டோ எங்கே என்றார்கள். எடுக்கவில்லை, எடுத்தால் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காரப் பார்ப்பார்கள் என்றேன். ஒருவர் சிரித்தார். மேடம் சிரிக்கவில்லை.

"நீதான் வாடகைச் சாமான்னு எழுதின. நீயே இப்ப மாத்தற. அவங்க உனக்குச் சொந்தமா?"

இல்லை என்றேன். நான் மற்றவர்களைப் பார்க்கும் அதே பார்வையால் என்னை ஒருவர் பார்த்தது இதுதான் முதல் தடவை.

பணம் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் அறையில் வைத்துக் காட்ட வேண்டும் என்றார்கள். வீட்டில்தான் பார்க்க வேண்டும் என்றேன். மறுபடி சொன்னேன். மூன்றாவது தடவை எழுந்து நின்று சொன்னேன். "சரி, வீட்டுலயே பாரு" என்றார் மேடம். "ஒண்ணு கொறஞ்சாலும் அடுத்த தவணை கிடையாது. உன் வேலை நிரந்தரமும் அதுக்கப்புறம் பார்க்கலாம்."

மார்ச் 1, சனி

நிரந்தரம் தள்ளிப்போனதை அம்மாவிடம் சொன்னேன். "ஊர்க்காரிக்குக் கட்டில் வாங்கிக் குடுத்துட்டு நீ தரையில நில்லு" என்றார். அப்பா எழுந்து போய் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார்.

மே 30, வெள்ளி

மூன்று மாதப் பார்வை. நாள் முழுக்க நடை. டிரைவர் வீட்டில் கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அவர் ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா வீடும் ஆயிற்று. கடைசி வீடு மட்டும் பாக்கி.

அந்த வீட்டு மருமகள் பாதிக் கதவைத் திறந்து, பாதிக் கதவாகவே நின்றார். மாமனார் இப்போதுதான் தூங்குகிறார், காலையிலிருந்து வலி, இன்னும் துடைத்து விடவில்லை.

"இன்னைக்கு வேண்டாங்க" என்றார்.

தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் தெரிந்திருக்கும். உள்ளே இருட்டு. இருமல், முனகல், எதுவும் கேட்கவில்லை. கட்டில் இருக்கிறதா? விற்றுவிட்டார்களா? பாதிக் கதவுக்கு வேறு என்ன காரணம்? ஒரு நிமிஷம் என்று சொன்னால் போதும், திறந்துவிடுவார். திறக்காமல் இருக்க அவரால் முடியாது. எனக்குத் தெரியும்.

"சரிங்க. தூங்கட்டும்" என்றேன்.

ஆபீஸ் திரும்பியதும் மேடம் கேட்டார், "எல்லாம் பார்த்தியா?"

"பார்த்தேன்."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். நான் செருப்பைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த வீட்டில் கட்டில் இருக்கிறதா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இருந்தாலும் பஸ்ஸில் அப்படியே தூங்கிப்போய் ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினேன்.