அண்ணனுக்கு அனுப்புகிற மாதிரியே

ஏப்ரல் 9

நான் வேலை செய்யும் பீங்கான் யூனிட் வாசலுக்கே வந்துவிட்டார் கோயில் ஞாயிறு வகுப்பு லிசா டீச்சர். மே நான்காம் தேதி கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் திருவிருந்து, வாங்கப் போகிற பிள்ளைகள் நாற்பத்தெட்டு பேர். ஆளுக்கொரு பித்தளை டம்ளர், பெயர் வெட்டி. "ஒன்னாலதான் ஆவும் ரோசி, பாத்துச் செய்யி" என்றார். தலையை ஆட்டிவிட்டேன். இவ்வளவு பெரிய ஆர்டர் எனக்கு வந்ததே இல்லை.

வழக்கம்போல ஆசீர்வாதம் அண்ணன் கடையில்தான் எடுக்க வேண்டும். நாத்தனார் வீட்டுக்காரர், பாத்திரக் கடை வைத்திருக்கிறார். இரண்டு வருடமாக அவரிடம் எடுத்துத்தான் யூனிட்டில் உள்ளவர்களுக்கும் கிரகப்பிரவேசத்துக்கும் விற்கிறேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் "ரோசி நம்ம கடை சரக்கத்தான் விக்கிது" என்று நாலு பேர் முன்னால் சொல்லாமல் இருக்க மாட்டார். எங்கே செய்து வாங்குகிறீர்கள் என்று கேட்டால், "அதெல்லாம் ஒனக்கு எதுக்கும்மா?" என்பார்.

எனக்கு எதுக்கா? பார்க்கலாம்.

ஏப்ரல் 12

நாத்தனார் அக்கா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே கடையின் பின்கட்டில் கிடந்த சாக்கைப் பார்த்தேன். மேலே மையால் எழுதிய விலாசம், போன் நம்பர், கும்பகோணம் பக்கம் ஓர் ஊர். செல்லில் போட்டோ எடுத்தேன். அவசரத்தில் முதல் போட்டோ விழவில்லை, இரண்டாவதுதான் விழுந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று அக்கா கேட்டபோது தூக்கிவாரிப் போட்டது. வேண்டாமென்று ஓடிவந்துவிட்டேன். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்பது இதுதானே?

ஏப்ரல் 15

போன் செய்தேன். பட்டறையை நடத்துவது ஒரு பெண், பெயர் துர்கா. மரியாதையாகப் பேசினார். என்ன கனம், உள்ளே எப்படி என்று ஏதேதோ கேட்டார். எனக்கு என்ன தெரியும்? "விருத்தாசலம் ஆசீர்வாதம் கடைக்கு அனுப்புறீங்கல்ல, அதே மாதிரி அனுப்புங்க" என்றேன். "அப்ப சரிங்க, புரிஞ்சிடுச்சு" என்றார்.

இவ்வளவுதானா? இதற்கா இரண்டு வருடம்?

ஏப்ரல் 26

சரக்கு வந்துவிட்டது. ஐம்பது இருக்கிறது, இரண்டு கூடுதல். பார்சல் ஆபீஸிலிருந்து ஆட்டோவில் ஏற்றும்போது துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டேன், அண்ணன் கடை அதே தெரு. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அவர்கள் புதுச்சேரியில் மகள் பிரசவத்துக்குப் போய்ப் பத்து நாளாகிறது. கடை பூட்டித்தான் கிடந்தது.

அண்ணன் தருவது உள்ளே வெள்ளையாக இருக்கும். இது உள்ளேயும் வெளியேயும் தங்கம் மாதிரி. இதுதான் அழகு.

மே 4, ஞாயிறு

வெள்ளை உடுப்பில் நாற்பத்தெட்டு பிள்ளைகள். பூசை முடிந்ததும் ஃபாதர் ஒவ்வொரு பெயராக வாசித்துக் கொடுத்தார். தன் பெயரை விரலால் தடவிப் பார்க்காத பிள்ளை இல்லை. மங்கலம்பேட்டை பெரியநாயகி, வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறாரே, அவள் மகள் தமிழினி டம்ளரைக் கடைசிவரை கீழே வைக்கவில்லை. ஃபாதர் மைக்கில் என் பெயரைச் சொன்னார். என் பெயரை மட்டும்.

மே 6

கோயில் பங்கு வாட்ஸப் குரூப்பில்: தமிழினிக்கு நேற்றிலிருந்து வாந்தி, செபிக்கவும். வெயில்தான் காரணமாக இருக்கும்.

மே 7

கையே எழுத வரமாட்டேன் என்கிறது.

மிச்சமிருந்த டம்ளர் ஒன்றில் காலையில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றினேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, பாதி குடித்து வைத்துவிட்டுப் போனேன். சாயங்காலம் பார்த்தால் ஜூஸ் நின்ற இடத்தில் பச்சையாக ஒரு வளையம். நாக்கு நுனியில் வைத்தேன். துப்பிவிட்டேன்.

யூனிட்டில் புது கிளேஸ், பீங்கான் மேல் போடும் பளபளப்புப் பூச்சு, வந்தால் கப்பில் எலுமிச்சைச் சாறு ஊற்றி ஒரு ராத்திரி வைத்துப் பார்ப்பது என் வேலைதான். நிறம் இறங்கினால் அந்தக் கப்பை வெளியே விட மாட்டேன். பதினான்கு வருடமாகப் பார்க்கிற வேலை. இந்த டம்ளருக்கு ஏன் செய்யவில்லை? எங்கள் ஊரில் சூளையிலிருந்து வந்த கப் என்றால் உள்ளேயும் வெளியேயும் கிளேஸ் போட்டு முடிந்த கப். செய்கிறவரிடமிருந்து நேராக வந்தால் எல்லாம் முடிந்துதான் வரும் என்று இருந்துவிட்டேன்.

அண்ணனிடம் வாங்கிய பழைய டம்ளரைப் பக்கத்தில் வைத்தேன். அந்த உள்வெள்ளை அழகுக்காக இல்லை. ஈயம். புளிப்பு பித்தளையில் பட்டுக் களிம்பு ஏறாமல் இருக்கப் பூசுவது.

நாற்பத்தெட்டு பிள்ளைகள். மே மாதம். எந்த வீட்டில் எலுமிச்சை ஜூஸ் போடாமல் இருப்பார்கள்? எந்த வீட்டில் மோர் இல்லை? மாதாவே, தமிழினி.

மே 8

துர்காவுக்குப் போன் செய்தேன். "ஆசீர்வாதம் ஐயா எப்பவுமே ஈயம் பூசாமத்தான் எடுப்பாருங்க. அங்க அவரே ஆளு வச்சிப் பூசிக்குவாரு. அதே மாதிரின்னு நீங்கதான சொன்னீங்க?" கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ஆமாம்.

அண்ணன் சும்மா கமிஷன் மட்டும் தின்கிறார் என்று நினைத்தேனே, பாவி.

வீட்டுக்காரர் ஸ்டான்லியிடம் சொன்னேன். "வாய மூடிக்கினு இரு. வெயிலுக்கு எல்லாப் புள்ளயுந்தான் வாந்தி எடுக்குது. நீயா போயி ஏன் மாட்டிக்கிற?" என்றார். அவர் பயம் அவருக்கு.

தமிழினியைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான் என் கதை. விலாசம் எப்படிக் கிடைத்தது என்று சொல்லாமல் இதை எப்படிச் சொல்வேன்? போலீஸ் வருமா? வேலை போகுமா? அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? செல்லை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

மே 9

விடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். சாக்கு, போட்டோ, துர்கா, பச்சை வளையம், தமிழினி எல்லாம் சொன்னேன்.

"எத்தினி டம்ளரு?"

"நாப்பத்தெட்டுண்ணே."

"எவனும் அதுல தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. மொதல்ல அத சொல்லு. ஆஸ்பத்திரிக்குச் சொல்லு, டாக்டருக்குத் தெரியணும். மத்தத அப்பறம் பேசிக்கலாம். நான் பஸ்ஸு ஏறிட்டேன்னு வச்சிக்க."

ஃபாதரிடம் ஓடினேன். வாட்ஸப்பில் அவரே குரல் பதிவு போட்டார். பெரியநாயகியிடம் நானேதான் பேசினேன். ஜூஸை அந்த டம்ளரில் ஊற்றி பிரிட்ஜில் வைத்து, மறுநாள் எடுத்துக் குடித்திருக்கிறது பிள்ளை, தன் பெயர் போட்ட டம்ளர் என்று. நான் சொல்லி முடித்ததும், "டாக்டரு பக்கத்துலதான் இருக்காரு, அவருகிட்ட சொல்லுங்க" என்று போனைக் கொடுத்துவிட்டாள்.

மே 11, ஞாயிறு

தமிழினி வீட்டுக்கு வந்துவிட்டாள். நேற்றிலிருந்து வாந்தி இல்லை, கஞ்சி குடிக்கிறாளாம். டம்ளராகவும் இருக்கலாம், திருவிழாச் சாப்பாடாகவும் இருக்கலாம் என்றாராம் டாக்டர். எனக்கு அந்த இரண்டாவதைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. வேண்டாம்.

டம்ளர்களைத் திரும்ப வாங்க நேற்று முழுக்க அண்ணனும் நானும் வீடு வீடாகப் போனோம். சிலர் திட்டினார்கள். சிலர் டம்ளரை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. நல்லூரில் ஒரு வீட்டில் "புள்ளைங்க உசுரு ஒனக்கு வியாபாரமா?" என்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "எங்க கடை சரக்குதாம்மா, தப்பு எங்களோடது" என்றார்.

வண்டியில் திரும்பும்போது அழுதேன். "அண்ணே, என்ன ரெண்டு திட்டாவது திட்டுங்களேன்."

"ஈயம் பூசுறத ஒனக்குச் சொல்லித் தந்திருக்கணும். சொன்னா கத்துக்கினு தனியா போயிடுவியோன்னு நெனச்சேன்" என்றார்.

மே 16

நேற்று கோயில் வளாகத்திலேயே ஈயம் பூசினோம். கரி, ஈயம் பிடிக்கத் தூவும் நவச்சாரத்தின் புகை, கண்ணெல்லாம் எரிச்சல். பூசி ஆறியதில் எல்லாம் எலுமிச்சைச் சாறு ஊற்றி ராத்திரி வைத்தேன், நாற்பத்தெட்டிலும். தூக்கம் எங்கே? நான்கு முறை போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். நிறம் இறங்கவில்லை.

மே 17

நேற்றே நாற்பத்தாறு வீட்டில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒரு வீட்டில் வேண்டவே வேண்டாம் என்றார்கள். கடைசியாக இன்று காலை மங்கலம்பேட்டை.

பெரியநாயகி உட்காரச் சொல்லவில்லை. டம்ளரை வாங்கி உள்ளே பார்த்தாள், விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது டம்ளர் நிறைய எலுமிச்சை ஜூஸ்.

"அன்னிக்கு ஊத்தி வச்சதுல ஆனது இதுலயும் ஆவுதான்னு பாக்கணும்ல. சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருங்க. அப்பறம் நீங்க குடிங்க."

இருந்தேன். ஐந்து மணிக்குக் கொண்டுவந்து நீட்டினாள். கதவோரம் தமிழினி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இளைத்துப் போயிருந்தாள். ராத்திரி முழுக்கச் சோதித்தவள் நான்தான், இருந்தும் உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

மே 18, ஞாயிறு

ஏழு மணிக்குப் போன். பெரியநாயகி.

"எப்பிடி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்."

"வவுத்துல எதுனா?"

"ஒண்ணுமில்ல."

"சரி. ராத்திரியே ஊத்தி வச்சிட்டேன். இன்னிக்கும் வந்து குடிச்சிட்டுப் போங்க."

பூசை முடிந்ததும் பத்து மணி பஸ்ஸில் போகிறேன்.