இதுவும் பழசா

செவ்வாய், இரவு. சீகிரியா.

ஹோட்டலின் வைஃபை என் பொறுப்பு. போன மாதம் ஒரு விதி போட்டேன். சிக்னல் குறைந்த போனை வைஃபை பரப்பும் பெட்டி, அதாவது அக்சஸ் பொயிண்ட், துண்டித்துவிடும். போன் அருகில் இருக்கும் வேறொரு பெட்டிக்குத் தாவிக்கொள்ளும். வைஃபை மெதுவாக இருக்கிறது என்ற விருந்தினர்களின் புகார் நின்றது. முகாமையாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். சலவை அறைக்கு அருகில் தாவுவதற்கு வேறு பெட்டி இல்லை என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அங்கே துணி மடிக்கும் செல்வி அக்காவின் மகள் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறாள். மதியம் அரை மணி நேரம்தான் அவள் கையில் போன் கிடைக்கும்.

“கோல் கட்டாகிக்கிட்டே இருக்கு தம்பி” என்று அக்கா போன வாரம் வந்தார். காரணம் அந்தக் கணமே புரிந்தது. விதியை எடுத்தால் புகார் திரும்பிவரும்.

“ஒங்க போன் பழசுக்கா” என்றேன்.

இன்று தம்புள்ளையில் வாங்கிய புதுப் போனோடு வந்தார். பாஸ்வேர்ட் போட்டுக் கொடுத்தேன். திரையில் மகள் சிரித்தாள். அக்கா பேசிக்கொண்டே சலவை அறைக்குள் போனார். கோல் அறுந்தது.

திரும்பி வந்து, “இதுவும் பழசா தம்பி?” என்று கேட்டார்.

நான் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தேன்.

“தம்புள்ளைக் கடைக்காரன் ஏமாத்திட்டான் போல” என்றார்.

“அவனுங்க அப்படித்தான் அக்கா” என்றேன்.